மொட்டைமாடி நடைக்கு ஒரு பொலிஸ் பதிவு

எனக்குச் சீனி கூடுகிறது என்று தெரிந்த அன்று, வீட்டில் எல்லோரும் என் வாயைத்தான் குற்றம் சொன்னார்கள்.

"நீர் களவாச் சீனி போட்டுக் குடிச்சிருப்பீர்" என்றார் கணவர். பிளேன்டீயோடு பனங்கட்டி கடிக்கிறவர் அவர். நானோ வெறும் தேநீர் குடிக்கிறவள். வருத்தம் அவருக்கு வரவில்லை, எனக்கு வந்தது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

யுத்தம் முடிவதற்குக் கொஞ்சக் காலம் முந்தைய நாட்கள் அவை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். கிளினிக்கில் என்னைப் பார்த்தது கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் லேடி டொக்டர். என் மகள் வயதுதான் இருக்கும்.

"இது ஒங்கட வாய்ட பிழை மட்டுமில்ல அன்ட்டி. பீரியட்ஸ் நின்ட பொறகு கொழுப்பு வயித்தில வந்து சேரும். அது சும்மா கெடக்காது. அங்க இருக்கிற நோய் எதிர்ப்புக் கலங்கள், கிருமி வந்த மாதிரி செய்திப் புரதங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில இன்சுலின் சொல்றது தசைக்குக் கேக்காது. சீனி ரத்தத்திலயே நிக்கும்" என்றாள்.

கிருமியே இல்லாமல் நாள்முழுக்க அபாயச் சங்கு ஊதுகிற உடம்பு. கொழும்பில் இருக்கிறவளுக்கு அதை விளக்கவா வேண்டும்?

"இதுக்கு என்ன செய்யிறது?"

"நடங்க. நடக்கிற காலுக்கு இன்சுலின் அவ்வளவு தேவையில்ல, தானாவே சீனிய எடுக்கும். மூணு மாசம் விடாம நடங்க. குறையாட்டி மருந்துதான்."

என் அக்காவுக்கும் இதே வயதில்தான் தொடங்கியது. அவளையும் வாயைக் கட்டச் சொன்னார்கள், நடக்கச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. புண் ஆறாமல் காலை வெட்டினார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் இருந்தவள், அதன் பிறகு சாகும்வரை தெருவுக்கு இறங்கவேயில்லை. அந்தக் கதி எனக்கு வேண்டாம். என் கால்கள் எனக்கு வேண்டும்.

விடியற்காலையில் தெருவில் நடந்தால் ஆமிக் காவலரணில் மறிப்பார்கள் என்று, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு சோதனைக்கு வந்த பொலிஸார், விடிய மேலே நடமாடுவது யார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அங்கிருந்து பார்த்தால் ரயில் பாதையும் கடற்கரைக் காவலரணும் தெரியும். அவ்வளவுதான், குடியிருப்புக் கமிட்டி ஆண்கள் அன்றைக்கே மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கொழும்பில் தமிழர் நாங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சித்தப்பா வந்து தங்கினாலும் பொலிஸில் பதிகிறோம். அப்படியென்றால் என் நடையையும் பதிந்துவிட்டால் போயிற்று.

"உமக்கென்ன விசரே?" என்றார் கணவர். ஆனாலும் என்னைத் தனியே விட மனமில்லாமல் பின்னால் வந்தார்.

பொலிஸ் நிலையத்தில் பதிவதற்கு வந்த ஆண்கள் வரிசையாக நின்றார்கள். என் முறை வந்தபோது மேசையில் இருந்த சார்ஜன்ட், "மொகத அம்மே?", என்ன அம்மா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மாடியில் நடப்பதைப் பதிய வந்தேன் என்றேன். ஏன் நடக்க வேண்டும் என்று கேட்டார். மாதவிடாய் நின்றுவிட்டது, அதனால்தான் என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். கணவர் என்னைத் தெரியாதவர் போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வயிற்றுக் கொழுப்பு, செய்திப் புரதம், இன்சுலின், அக்காவின் கால், ஒன்றும் விடாமல் சொன்னேன். சிங்களம் வராத இடத்தில் வயிற்றைத் தட்டிக் காட்டினேன். சார்ஜன்டின் காதும் சிவந்துவிட்டது. இதையெல்லாம் பதிய இடமில்லை, மாடிக்கு மட்டும் போக வேண்டாம், அடையாள அட்டையை வைத்துக்கொண்டு தெருவில் நடங்கள் என்று சொல்லி அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

 வீட்டுப் படியேறும்போது கணவர் ஏசத் தொடங்கினார்.

"அந்தாள் உம்மை அங்கயிருந்து அனுப்பிவிடுறதுக்காகச் சொன்ன கதை அது. நாளைக்கு ரோட்டில ஆமிக்காரன் பிடிச்சா என்ன செய்வீர்?"

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

"பிடிச்சா ஜீப்பில ஏற மாட்டன்" என்றேன். "ஸ்டேஷன் வரைக்கும் நடந்துதான் வருவன் எண்டு சொல்லுவன்."