எத்தாளைக்குப் போன டபுள் பேஸ்

சனிக்கிழமை, காலை ஆறு மணி. சிலாபம்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் காலம். கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் ஒரு கலியாண வீட்டில் அன்று மாலை எங்கள் கோஷ்டி வாசிக்க வேண்டியிருந்தது. வயலின்காரரும் மண்டலின்காரரும் முதல்நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். என் வாத்தியம் டபுள் பேஸ். உருவத்தில் வயலின்தான், ஆனால் ஆறடி உயரம். பக்கத்தில் நின்று அணைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். புத்தளம் வரை அதை ரயிலில் போடலாம். அதற்கு அப்பால் குடாநாட்டுக்குள் ஓடும் பஸ்ஸில் அதற்கு இடம் கிடையாது. அது என்னுடையதும் அல்ல. கொழும்பில் ஒரு பறங்கிக் கனவான் என்னை நம்பி இரவல் தந்திருந்தார்.

ஆகவே கார் பிடித்தேன். தில்லையடிக் காசிம் நானாவின் வாடகைக் கார், நாலு பேர் நெருங்கி உட்காரக்கூடிய சின்னக் கார். போய்வரப் பதினைந்து ரூபா. பேஸை வாசலில் கண்டதும் அவர் வாயில் இருந்த சுருட்டை எடுத்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், வயலின் எண்டல்லவா சொன்னீங்க? இது என்னய விடப் பெரிசா ஈக்கே!"

இருந்தாலும் மனுஷர் பின்வாங்கவில்லை. முன்பக்கத்து இடது கதிரையைக் கழற்றி என் வீட்டிலேயே வைத்தார். அந்த இடத்திலிருந்து பின் கதிரை வரை நீளமான பலகை ஒன்றைப் போட்டு, மேலே மெத்தை விரித்தார். பேஸ் படுத்துக்கொண்டது, வயிறு பின்னால், கழுத்து முன்னால். அதைப் பலகையோடு கயிற்றால் கட்டினார். மிஞ்சிய மூலையில், காசிம் நானாவுக்குப் பின்னால், நான் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒடுங்கினேன்.

எட்டு மணி. முந்தல்.

வீதியில் பள்ளம் வரும்போதெல்லாம் பேஸின் நரம்புகள் தாமாகவே உறுமின. தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். திரும்பி வரும்போது காரைச் சுற்றிச் சந்தைக் கூட்டம். துணி உறைக்குள் படுத்திருப்பது யாரென்று ஒரு கிழவர் காசிம் நானாவிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

சிலாபத்திலிருந்து இருபத்தெட்டு மைலில் பாலாவிச் சந்தி. அங்கே இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி வீதி, இன்னும் இருபத்தைந்து மைல். வலப்பக்கம் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. பிறகு களப்பு என்னும் உப்பங்கழியின் நீலம், பிறகு மைல் கணக்கில் தென்னை. வீதியில் மணல் ஏறியிருந்ததால் கார் மாட்டு வண்டியைப் போலத்தான் ஊர்ந்தது.

நுரைச்சோலை தாண்டியதும் ஒரு பெண் வீதியின் நடுவே வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். காசிம் நானா பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி முன்னால் மோதியது.

"ஐயா, மரத்தால விழுந்திட்டார்! என்ர மனுசன்! கொண்டு போங்க ஐயா!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். தென்னையின் அடியில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். பெயர் சேவியர், தேங்காய் பறிக்க ஏறியவன். அந்தப் பெண் அவன் மனைவி மதலேன். கண் திறந்திருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து நிமிர்த்தியபோது அவன் போட்ட சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். உடனே மறுபடி படுக்க வைத்தார்கள். உட்கார வைத்து அவனை எங்கும் கொண்டுபோக முடியாது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மரம்போல நிற்க, காசிம் நானா காருக்குத் திரும்பிப்போய்க் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

"மாஸ்டர், கழுத்துப் பக்கம் புடிங்க. இறக்குவோம்."

"இதை எங்கே வைக்கிறது, நானா? இது ஊரான் பொருள்!"

"உசிரு போகப் போகுது மாஸ்டர். புடிங்க."

பிடித்தேன். களப்புக் கரையில் ஒரு மீன் வாடி இருந்தது, ஓலைக் கொட்டில்தான். அதன் சொந்தக்காரர் பவுலுச் சம்மாட்டி, இரண்டு வள்ளங்கள் வைத்திருப்பவர், பேஸை ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

"எங்க கொண்டு போற சாமான் இது?"

"எத்தாளைக் கலியாண வீட்டுக்கு."

"சரி, நான் பாத்துக்கொள்ளுறன். நீங்க வெளிக்கிடுங்க."

பலகையை மெத்தையோடு வெளியே இழுத்து, சேவியரை அசையாமல் அதன்மேல் ஏற்றி, அப்படியே காருக்குள் தள்ளினோம். பேஸ் கிடந்த இடம் அவனுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. தலை என் பக்கம். மதலேன் முன்னால் தரையில் குந்தி, அவன் கால்கள் இரண்டையும் மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

புத்தளத்துக்கு வந்த வழியே திரும்பினோம். காசிம் நானா ஓதியபடியே ஓட்டினார். பாலாவியை நெருங்கும்போது சேவியர் உதட்டை அசைத்தான். குனிந்தேன்.

"மதலேன் வரேல்லையா?" என்று கேட்டான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் அவனுடைய பாதங்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்திருந்தன. அவளுக்கும் கேட்டுவிட்டது. "நான் இங்கதான் இருக்கிறன்" என்று சொல்வதுபோல் இன்னும் பலமாகப் பிடித்தாள். அவன் மறுபடியும் அதையே கேட்டான். அந்தப் பிடி அவனுக்குத் தெரியவில்லை.

பதினொரு மணி. புத்தளம் ஆஸ்பத்திரி.

டொக்டர் பலகையோடுதான் அவனை உள்ளே எடுக்கச் சொன்னார். அரைமணி கழித்து வெளியே வந்தார். "முதுகெலும்பு. மடக்கி ஏற்றியிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும். இனி என்ன ஆகும் என்று இப்போது சொல்ல மாட்டேன்" என்றார். மதலேனை வாங்கில் இருக்க வைத்துவிட்டு நாங்கள் புறப்பட்டோம்.

ஒரு மணிக்கு வாடிக்கு வந்தால், உள்ளே பேஸ் இல்லை.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "அதையோ? சம்மாட்டி வள்ளத்தில ஏத்திக்கொண்டு போயிட்டார்."

"வள்ளத்திலயா!"

"ஓம். கலியாண வீடு பாத்துக்கொண்டு இருக்கும், காத்தும் வாய்ப்பா இருக்குதெண்டு சொன்னார்."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் பட்டால் ஒட்டு விட்டுப் பலகை பலகையாகக் கழன்றுவிடும் வாத்தியம்! காசிம் நானா என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிக் காருக்குள் தள்ளினார். அதன்பிறகு வீதியை நான் பார்க்கவில்லை. தென்னைகளின் இடைவெளியில் களப்பை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். ஒரு தரம் தூரத்தில் ஒரு பாய் தெரிந்தது. அதுதானா என்று சொல்ல முடியவில்லை.

மூன்று மணி. எத்தாளை.

கரையில் ஊரே கூடியிருந்தது. வள்ளம் வந்துகொண்டிருந்தது. அதன் நடுவே பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, உறை கழன்று காற்றில் அடிக்க, பேஸ் நெட்டையாக நின்றது. பவுலுச் சம்மாட்டி அதை இரண்டு கைகளாலும் அணைத்திருந்தார். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முழங்கால் தண்ணீரில் நாலு பேர் அதைத் தலைக்கு மேலே தூக்கி வந்தார்கள். சம்மாட்டி தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். கரையில் கால் வைத்ததும் கேட்டார்:

"சேவியர் எப்பிடி?"

"உசிரோட ஈக்கிறார், சம்மாட்டி" என்றார் காசிம் நானா.

சம்மாட்டி சிலுவை போட்டுக்கொண்டார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "படுக்க வைச்சா அடியில ஊறுற தண்ணி படும். அதுதான் நிமித்திக் கட்டினன். பாருங்க, நல்லாப் பாருங்க."

பார்த்தேன். நரம்புகளைத் தாங்கும் குதிரை சரிந்திருந்தது. ஒரு நரம்பு அறுந்திருந்தது. வார்னிஷ் மினுக்கத்தின்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒட்டு ஒன்றுகூட விடவில்லை. குதிரையை நிமிர்த்தி, மிஞ்சிய மூன்று நரம்புகளில் அன்று மாலை வாசித்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஆடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடது காலில் ஈரத்துணி பட்டபோது சேவியர் குளிருகிறது என்று சொன்னானாம்; மதலேன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். டொக்டர் அவனைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார், படுத்தபடியே, இடையில் ஏற்றி இறக்காமல். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக எங்கள் காரைப் பார்த்தார்.

காசிம் நானா என்னைப் பார்த்தார். இம்முறை கயிற்றை நான்தான் அவிழ்த்தேன்.

பேஸை ரயிலில் கார்டின் பெட்டியில் ஏற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன். சேவியரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் முந்திப் புறப்பட்ட காரை மதுரங்குளி தாண்டி, தண்டவாளத்துக்குப் பக்கத்து வீதியில் கண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தது. ரயில் அதைக் கடந்துவிட்டது.

சிலாபத்தில் இறங்கி, பேஸை வீட்டில் வைத்துவிட்டு, கார் கொழும்புக்குப் போக வேண்டிய வீதிக்கு வந்தேன். என் வீட்டு வாசலில் நின்றால் ஊர் ஆஸ்பத்திரியின் கூரை தெரியும். இத்தனை வருஷம் அதை நான் பார்த்ததாக நினைவில்லை. சேவியர் பிழைத்தான், கோலூன்றி நடந்து ஊருக்குத் திரும்பினான், மரம் ஏறவில்லை. ஆனால் அது மாதங்கள் கழித்துத் தெரிந்த சேதி. அன்று எதுவும் தெரியாமல் வாசலில் காத்து நின்றேன்.

பொழுது சாயும் நேரம் கார் வந்தது. காசிம் நானா நிறுத்தவில்லை. மதலேன் என்னைக் கண்டு ஒரு கையை உயர்த்தினாள்; மற்றக் கையை அவன் காலிலிருந்து எடுக்கவில்லை.