பிரிஜட்டுக்கு வாசித்த ஓலை

"அல்போன்சம்மாள், காலஞ்சென்ற லாசரஸ் இவர்களின் மகன் சிலுவைராஜுக்கும்..." என்று வாசித்து வந்த சாமியார் ஒரு கணம் நின்றார். பிறகு, "கான்வென்டில் வளர்ந்த பிரிஜட்டுக்கும்" என்று முடித்தார். பின் வரிசையில் யாரோ குசுகுசுத்தார்கள். பிரிஜட் தலையைக் குனிந்துகொண்டாள்.

கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது சிங்கப்பூரின் அந்தத் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலின் வழக்கம். 1976-இல் வாசித்த அது, அவளுக்கு முதல் ஓலை. பச்சைக் குழந்தையாகக் கன்னியாஸ்திரீகளின் கான்வென்ட் வாசலில் விடப்பட்டவள் அவள். வளர்ந்தபின் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்துப் பிழைத்தாள். ஜாலான் புசாரில் வாடகை அறை. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைக்க ஆளில்லை. ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்த சிலுவைராஜ், மனைவியை இழந்தவன், அவளைப் பெண் கேட்டபோது, இனி ஒரு வீட்டில் தனக்கும் ஒரு தட்டு இருக்கும் என்று உருகிப்போனாள்.

பூசை முடிந்ததும் சிலுவைராஜின் தாய் அல்போன்சம்மாள் அவளைக் கோயில் மரத்தடிக்கு இழுத்துப்போனாள்.

"தகப்பன் பேர் இல்லாம ஓலை வாசிச்சா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"நான் என்ன செய்யணும் அத்தை?"

"பாட்டுக் குழு எட்மண்ட் இருக்காருல்ல, உன்னைத் தத்தெடுத்தேன்னு சொல்றாராம். அடுத்த வாரம் எட்மண்ட் மகள்னு வாசிக்கட்டும். அப்புறம் அந்தப் பேரு. சொந்தக்காரங்க அர்த்தம் கேட்டா நான் எதைச் சொல்றது? மரியபாக்கியம்னு மாத்திக்க. வாய் நிறையக் கூப்பிடலாம்."

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானே லா," என்றான் கூடவே வந்த சிலுவைராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒத்துக்கொள்ளத்தான் அவளும் நினைத்தாள். அனாதைக் குழந்தைகளுக்குக் காலண்டரைப் பார்த்து அன்றைய புனிதரின் பெயரை வைப்பார்கள்; தன் பெயரும் அப்படி வந்ததுதானே. தேதியைக் கிழிப்பதுபோலக் கிழித்துவிட்டால் போகிறது. ஆனாலும் இத்தனை காலம் சுமந்த பெயர். விடுமுன் பொருளையாவது கேட்போமே என்று கான்வென்டுக்குப் போனாள்.

அவளைக் கதவடியிலிருந்து எடுத்த சிஸ்டர் கேத்லீன் அயர்லாந்துக்காரர். வயது முதிர்ந்தவர். கேள்வியைக் கேட்டதும் ஆங்கிலத்தில் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

"பிப்ரவரி முதல் தேதி புனித பிரிஜட்டின் திருநாள். முந்தின மாலை எங்கள் ஊரில் வாசலில் ஒரு துணியைப் போட்டு வைப்போம். அவள் வீடு வீடாக வந்து அதைத் தொட்டுவிட்டுப் போவாள் என்று நம்பிக்கை. நோய்நொடி வந்தால் அந்தத் துணிதான் மருந்து. நீ வந்த வருஷம் அந்தத் திருநாள் விடிந்ததும் இங்கே கதவைத் திறந்தேன். படியில் ஒரு துணி. எங்கள் ஊர் சிஸ்டர் யாரோ போட்டது என்று நினைத்து, எடுத்து உதறப் போனேன். கனத்தது. பிறகு அழுதது."

பிரிஜட் நாற்காலியை அவர் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"அது பழைய சேலைத் துண்டு. சுத்தமாகத் துவைத்துக் காயவைத்தது. உன்னைத் தொட்டுவிட்டுத்தான் யாரோ ஒருத்தி போயிருந்தாள், குழந்தை. அதற்குப் பிறகு உனக்குப் பெயர் வைக்க நான் ஏன் காலண்டரைப் பார்க்க வேண்டும்?"

"பேருக்கு அர்த்தம், சிஸ்டர்?"

"உயர்ந்தவள். கிறிஸ்தவம் வருமுன்பே எங்கள் நாட்டில் அந்தப் பெயரில் ஒரு பெண் தெய்வத்தை வணங்கினார்கள். பின்னால் வந்த புனிதையோ ஓர் அடிமைப் பெண்ணின் மகள் என்பார்கள். தாயைக் கர்ப்பத்தோடு விற்றுவிட்டார்களாம். அவளுக்குத்தான் அந்தப் பெயர்."

அன்று மாலையே அவள் அல்போன்சம்மாள் வீட்டுக் கூடத்தில் போய் நின்றாள்.

"இருக்கறபடி வாசிக்கட்டும், அத்தை. இன்னொருத்தர் மகளா நான் வரமாட்டேன்."

"அப்ப வராத," என்றாள் கிழவி. "கதவடியில கிடந்ததுக்கு ரோஷத்தைப் பாரு."

சிலுவைராஜ் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரும், வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

அடுத்த ஞாயிறு வேறு இரண்டு கல்யாண ஓலைகளை மட்டும் வாசித்தார்கள். சாமியார் தாளை மடித்து வைத்தபின்னும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஃபேரர் பார்க் வரை தனியாக நடந்தாள். கடையில் தோசை வாங்கினாள், பாதியை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். தன்மானம் காத்தவளுக்குச் சோறு இனிக்கும் என்று யார் சொன்னது?

சில ஆண்டுகள் கழித்து சிஸ்டர் கேத்லீன் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். பாய லேபார் விமான நிலையத்தில் அவள் கன்னத்தைத் தொட்டு, "பிரிஜட்" என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். அந்தப் பெயர் எப்படி வந்ததென்று தெரிந்த இன்னொரு ஜீவன் இந்தப் பெரிய சிங்கப்பூரில் அதன்பின் இல்லை. அவள் பஸ் ஏறி, ஆலைக்கு வேலைக்குப் போனாள்.