பிச்சைமணி செய்த ஏலப்பலகை

கம்பம்மெட்டில் ஏலக்காயை ஏலத்தில் விற்கும் கூடத்துக்குப் பலகை செய்தவர் பிச்சைமணி. அதைப் பழுது பார்த்தவரும் அவரே. செய்து முடிக்க ஒரு கோடைதான் ஆயிற்று. பழுது பார்ப்பது முடியவே இல்லை.

அவருக்குத் தொழில் சொல்லித் தந்தவர் என்று யாருமில்லை. போடிமெட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்து, எந்தக் கப்பி எதை இழுக்கிறது, பெல்ட் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது என்று பார்த்துப் பார்த்தே கை பழகியவர். எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பி வைப்பார். மறுபடி பூட்டும்வரை அந்தத் துணியை யாரும் தாண்டக்கூடாது.

1973இல் கூடத்தை நடத்திய மிக்கேல்ராஜ் அவருக்கு ஆள் அனுப்பினார். வியாபாரிகள் பெருகிவிட்டார்கள். ஏலம் கூறும் மொக்கையன் ஒவ்வொரு சரக்கையும் கூவிச் சொல்வது பின்பெஞ்சுக்குக் கேட்பதில்லை.

“எல்லாச் சரக்கும் ஒரே பார்வையில தெரியணும். ஒண்ணை ஒண்ணு மறைக்கக் கூடாது. நடுவுல காலி எடமும் கெடக்கக் கூடாது. கூப்பிடுற சரக்கு மட்டும் பெருசாத் தெரியணும்” என்றார் மிக்கேல்ராஜ்.

“சுவரு இம்புட்டுத்தானங்கய்யா இருக்கு?”

“அதுக்குத்தான ஒன்னையக் கூப்பிட்டேன்.”

பிச்சைமணி சுவரின் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம் அடித்தார். சரக்குக்கு ஒன்றாகத் தகரத் தகடுகள். புத்தகம்போல மடித்திருக்கும்போது சரக்கின் எண் மட்டும் தெரியும். முறை வந்ததும் கயிற்றை இழுத்தால் தகடு இடது ஓரத்துக்கு வந்து விரியும். உடையவர் பெயர், எடை, ரகம் எல்லாம் அதில் இருக்கும். அதற்கு இடம் விட்டு மற்றவை வலப்பக்கம் நெருங்கிக்கொள்ளும். விற்ற தகட்டைக் கழற்றினால் மிச்சமுள்ளவை தாமாக நகர்ந்து இடைவெளியை மூடும். பலகைக்குப் பின்னால் ஓடிய ஒரே சணல்கயிறும் சில கப்பிகளும் இத்தனையையும் செய்தன.

முதல் வாரம் வியாபாரிகள் கை தட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து குறை சொன்னார்கள்.

மேட்டில் காலையில் மூடுபனி நிற்கும். நனைந்த சணல் இறுகும். பனி விலகி வெயில் அடித்ததும் தளரும். இறுகினால் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தளர்ந்தால் ஆடின. மெழுகு தேய்த்துப் பார்த்தார். மெழுகில் தூசி ஒட்டிக் கப்பிகள் அடைத்துக்கொண்டன. கம்பிக்கயிறு போட்டார். சின்னக் கப்பியில் அது முறுக்கிக்கொண்டது. திரும்பவும் சணலுக்கே வந்து, தளர்ச்சியை இழுத்துக்கொள்ள முனையில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். அதன்பிறகு ஓரளவுக்கு ஓடியது.

“இது பலகையா, தொட்டிலாய்யா? எந்நேரமும் ஆடிக்கிட்டே கெடக்கு” என்றார் போடி வியாபாரி ஒருவர்.

“நீங்க அழாம இருந்தாப் போதும், நான் ஆட்டிக்கிட்டே இருக்கேன்” என்றார் பிச்சைமணி.

அதற்குள், சரக்கு கொண்டுவரும் தோட்டக்காரர்களிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. முன்னால் போகிற சரக்குகளின் விலை தாழ்ந்திருந்தால் தன் சரக்கை ஏலத்திலிருந்து எடுத்துக்கொள்ள உடையவருக்கு உரிமை உண்டு. ஆனால் அத்தனை வியாபாரிகள் முன்னால் எழுந்து நின்று ‘உங்கள் விலை வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நாளைக்கும் அவர்களிடம்தானே வரவேண்டும்? எனவே பிச்சைமணி, தோட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் அடியில் ஆளுக்கொரு சிறு கயிறு வைத்தார். யாரும் பார்க்காமல் இழுத்தால் அவருடைய தகடு சட்டத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். மற்றவை நகர்ந்து இடத்தை நிரப்பும். மொக்கையன் அடுத்த சரக்கைக் கூவுவார். இறக்கியவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏன் என்று கேட்பதுமில்லை. அது கூடத்தின் மரியாதை.

சில மாதங்களில் சிலர் அதிலும் விளையாடினார்கள். தகட்டை இறக்குவது, விலை ஏறினால் கயிற்றைத் தளர்த்தி மறுபடி ஏற்றுவது. வியாபாரிகள் கொதித்தார்கள். பிச்சைமணி உள்ளே இரும்புக் கொக்கி வைத்தார். இறங்கிய தகட்டைக் கொக்கி கவ்விக்கொள்ளும். ஏலம் முடிந்து மொத்தக் கயிற்றையும் அவிழ்த்தால்தான் விடும். அவராலும் இடையில் எடுக்க முடியாது. எடுக்க முடியாதபடிதான் செய்யச் சொன்னார்கள்.

1974 கார்த்திகையில் சுருளியம்மாள் ஒரு மூட்டைக் காய் கொண்டுவந்தாள். புருஷன் இல்லாதவள். ஒரு துண்டு ஏலக்காட்டைப் பங்கு வாரத்துக்குப் பார்த்துவந்தாள். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. வெளியே விற்று விலையைக் குறைத்துச் சொல்கிறாள் என்று நிலக்காரருக்குச் சந்தேகம். இந்த முறை கூடத்தில், நாலு பேர் முன்னால் விற்கவேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காட்டை வேறு ஆளுக்குப் பேசிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒரு நாள்தான் ஏலம்.

“அண்ணே, நம்ம காய் எப்ப வரும்?” என்று பிச்சைமணியைக் கேட்டாள். அவளுக்குப் பலகையைப் படிக்கத் தெரியாது.

“கடைசியில தாயி. பேரைக் கூப்பிடுவாக, உக்காரு.”

அன்று பனி அடர்த்தியாக இருந்து, உச்சிநேரத்தில் ஒரேயடியாக விலகியது. தகரக் கூரை சுட்டது. பலகைக்குப் பின்னால் நின்றிருந்த பிச்சைமணியின் கையில் கயிறு தளர்ந்தது. கல் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. அதற்குமேல் அது இழுக்காது. முந்திய சரக்கின் தகடு விரிய நகர்ந்தபோது வலது ஓரத்தில் கடைசியாக இருந்த சுருளியம்மாளின் தகடு ஆடி, வழுக்கி, பின்னால் இறங்கியது. கொக்கி விழும் சத்தம் கேட்டது.

அவர் சட்ட இடுக்கு வழியாகப் பார்த்தார். சுருளியம்மாள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து மொக்கையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாபாரிகள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பாமல் மரியாதையாக வேறெங்கோ பார்த்தார்கள்.

பிச்சைமணி கொக்கியை விரலால் நெம்பினார். உளியால் நெம்பினார். அசையவில்லை. வெளியே ஓடிவருவதற்குள் மொக்கையன் மணி அடித்து ஏலத்தை முடித்துவிட்டார்.

“அந்தம்மா இறக்கலைங்கய்யா. கயிறு தளந்து தானா விழுந்துருச்சு” என்றார் மிக்கேல்ராஜிடம்.

“போன மாசந்தான இனிமே விழாதுன்ன?”

“விழுந்துருச்சுங்களே!”

மிக்கேல்ராஜ் பெஞ்சடியில் குனிந்து பார்த்தார். அவள் கயிறு இழுத்ததுபோலவே தாழ்ந்திருந்தது. தகடு எப்படி விழுந்தாலும் அது தாழத்தான் செய்யும். வேறு வழி இல்லாமல் கேட்டார்: “ஏம்மா, நீ இழுத்தியா?”

கூடத்தில் யாரிடமும் கேட்காத கேள்வி. சுருளியம்மாள் எழுந்து நின்றாள். “எதையங்கய்யா?”

“கயித்த.”

“நான் தொடவே இல்லீங்களே!”

பின்னாலிருந்து ஒரு குரல்: “இழுத்தவன் எவன்யா இழுத்தேன்னு சொல்லிருக்கான்? இறக்குன பொறகு கடைசிச் சரக்கு நல்ல வெலைக்குப் போச்சு. அதைப் பாத்துட்டு மனசு மாறிருச்சு.”

“சத்தியமா விழுந்ததுங்க. பலகை என்னுது, எனக்குத் தெரியாதா?” என்றார் பிச்சைமணி.

“ஒனக்காக ஒரு தடவ தகட்டை மறுபடி ஏத்துனா நாளைக்கு ஊரே விழுந்துச்சுன்னு வரும்” என்றார் மிக்கேல்ராஜ். அவர் குரலில் கோபம் இல்லை. “கொக்கி எதுக்கு வச்சோம்? நீயே சொல்லு.”

பிச்சைமணி பலகையைத் திரும்பிப் பார்த்தார். வியாபாரிகள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இறக்கும்போது ஒரு மணி அடிக்கும்படி செய்யலாமா, தானாக விழுந்தால் தெரிந்துவிடுமே என்று அவர் மனம் ஓடியது. மணி அடித்தால் இறக்கியவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், தோட்டக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். இடைவெளியை விட்டுவைத்தால்? வியாபாரிகள் ஒப்பமாட்டார்கள். நினைத்த ஒவ்வொன்றும் இன்னொன்றில் போய் இடித்தது.

வெளியே சுருளியம்மாள் மூட்டையருகே நின்றாள். போடி வியாபாரி தோள்துண்டை எடுத்தபடி வந்தார். வெளியே நடக்கும் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரல்களை அழுத்திச் சொல்வார்கள். பெண்ணாக இருந்தால் அவளுக்காக ஓர் ஆண் கை கொடுக்கவேண்டும்.

“யாரைக் கூப்பிடுற?” என்றார் வியாபாரி.

அவள் சுற்றிலும் பார்த்தாள். “அண்ணே, நீங்க குடுங்க.”

“தாயி, வெளிய வித்தா ஒங்காடு…”

“அடுத்த ஏலத்துக்குள்ள ஞாயித்துக்கெழம வந்துரும்ல. காடு போனது போனதுதான். காயைத் திரும்பச் சொமந்து போயி பச்ச வெளுக்க விடவா?”

பிச்சைமணி துண்டுக்கு அடியில் கையை நீட்டினார். வியாபாரி விரல்களைப் பிடித்து அழுத்தினார். பிச்சைமணி தலையை ஆட்டி, ஒரு விரல் கூடுதலாகக் கேட்டு அழுத்தினார். பழைய விரல்களே திரும்ப வந்தன. இன்னொரு முறை கேட்டார். அதே விரல்கள்.

“என்ன சொல்றாரு?” என்றாள் சுருளியம்மாள்.

குனிந்து அவள் காதருகே விலையைச் சொன்னார். கூடத்தில் கடைசியாகப் போன விலையில் அது பாதிகூட இல்லை.

அவள் மூட்டையை நிமிர்த்தி வைத்தாள். “சரின்னுருங்கண்ணே” என்றாள். பிச்சைமணி வியாபாரியின் உள்ளங்கையைச் சம்மதமாக ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.