பீர்க்கம்பூ விரிந்த சாயங்காலம்

அம்மையார்குப்பத்தில் எங்கள் நைனா வீட்டில் ஓட்டிய விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே, ஓர் அக்காவுக்கும் ஒரு தங்கைக்கும் இடையில் வளர்ந்துகொண்டிருந்த எனக்கு, எட்டு வயது வரைக்கும் பச்சை என்றால் லுங்கிக்குப் போடும் நூல்தான். ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரம் அம்மா எனக்கு மட்டும் தலைவாரி, புதுப்பாவாடை கட்டிவிட்டு, கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். என்னை மட்டும் என்பதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கல்லும் கரடுமாகக் கிடந்த நிலத்தில் பெரியப்பா ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்ட, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வளர்த்த தோட்டம் அது. படலைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனைதான். மருவும் துளசியும் ஓமவல்லியும் கலந்து அடித்தன. கோயிலுக்குள் போவதுபோல் செருப்பைக் கழற்றினேன். பெரியம்மா சிரிக்கவில்லை. அவளும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தாள்.

காவடிக்கென்று வளர்த்த அரளி ஒரு பக்கம், சம்பங்கி ஒரு பக்கம். வேலியெல்லாம் தூதுவளை. பந்தலில் தொங்கிய புடலங்காய்களின் நுனியில் கல் கட்டியிருந்தது.

"கல்லு எதுக்கு பெரிம்மா?"

"கட்டலன்னா சுருண்டுக்கும். பக்கத்துல நில்லு. பாத்தியா, உன்னவிட ஒரு சாண் நீளம்!"

வெயில் தாழ்ந்ததும் என்னைப் பீர்க்கம் பந்தலடியில் உட்கார வைத்தாள். "பேசாத பாத்துகினே இரு" என்றாள். இறுக்கிச் சுருட்டிய மொக்கு ஒன்று மெல்லத் தளர்ந்தது. மஞ்சள் இதழ் ஒன்று பிரிந்தது, பிறகு இன்னொன்று. அது முழுதாய் விரிந்து நான் மூச்சு விடுவதற்குள் பக்கத்துக் கொடியில் அடுத்தது. பூ பூக்கும் என்று தெரியும், பூப்பதைப் பார்த்ததில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"நான் இங்கியே இருக்கறேன்" என்றேன், யாரிடம் என்றில்லாமல்.

பெரியம்மா என் தோளைப் பற்றிக்கொண்டாள். "கேட்டியாடி? அதுவே சொல்லுது பாரு" என்றாள் அம்மாவிடம்.

அதுவரை பெரியப்பாவோடு தள்ளி நின்றிருந்த அம்மா சட்டென்று வந்து என் கையைப் பிடித்தாள். "பஸ்ஸு போயிடும்க்கா. கிளம்பறோம்."

"இன்னாம்மா இது, பேசனது..." என்று ஆரம்பித்தார் பெரியப்பா.

"என்னால முடியல பாவா."

பெரியம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். "உடுங்க. கூட்டிகினு போவட்டும்" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, அரளிக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போய்விட்டாள். எங்களை வழியனுப்பப் படல் வரைக்கும் வரவில்லை.

மீதி மொக்குகள் விரிவதைப் பார்க்க விடவில்லையே என்று பஸ்ஸில் அழுதேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அம்மா என்னை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

வீட்டு வாசலில் நைனா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா வந்தீங்க?"

"ஆங்" என்றாள் அம்மா.

நைனா உள்ளே போய்ச் சாப்பாட்டுக்கு இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

என்னைப் பெரியம்மாவுக்குப் பிள்ளையாகக் கொடுத்துவிட்டு வருவதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தது, நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கோ, போனவர்கள் இருவர், திரும்பி வந்தவர்களும் இருவர். இதில் நைனா கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.