கோப்பை கொண்டுவரச் சொன்னவள்

என் அப்பா சபையாரோடு ஒரே பாத்திரத்தில் குடிக்காமலே செத்துப்போனார். யாரால் என்று கேட்டால், அந்நாளில் கண்டி ஆலயத்தில் இருந்த எவரையும் கைகாட்ட எனக்கு மனம் வரும். அத்தனை பேர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்.

அப்பா தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து உபதேசியார். பெயர்தான் உபதேசியார். வாரத்தில் ஆறு நாள் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிறன்று சட்டையை மாட்டிக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக் கோடியிலிருந்த தகரக் கொட்டகையில் வேதம் வாசிப்பார். எங்கள் சாதிக்கு எந்தப் பீலியில் தண்ணீர் பிடிக்க விடுவார்கள் என்பதைத் தோட்டத்தில் யாரும் எங்களை மறக்கவிட்டதில்லை. கடைவீதியில் மற்றவர்களுக்குக் கோப்பையில் தேத்தண்ணீர், எங்களுக்குச் சிரட்டையில். இயேசுநாதர் பந்தியில் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தைக் கொடுத்தார் என்று யாரோ வாசிக்கக் கேட்ட அன்றுதான் தான் கிறிஸ்தவனானதாக அப்பா சொல்வார். நரகத்துக்குப் பயந்ததாகவோ அற்புதம் கண்டதாகவோ ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பாத்திரம் ஒன்றுதான் அவருக்குக் காரணம்.

கண்டி ஆலயத்தில் அந்தப் பாத்திரம் இருந்தது. கனத்த வெள்ளி. காலையில் துரைமாருக்கும் பறங்கியருக்கும் ஆங்கில ஆராதனை, அதற்குப் பின் சிங்களம், அதற்கும் பின் தமிழ். ஒரு கூட்டம் கலையும்வரை அடுத்த கூட்டம் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கும். தமிழ்க் கூட்டத்துக்குள்ளும் முன்வாங்குகள் யாழ்ப்பாணத்து உத்தியோகக் குடும்பங்களுக்கு. பரலோகத்திலும் அந்த வாங்குகள் தங்களுக்குத்தான் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும், அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்தார் பண்டிகைக்குப் பண்டிகை வருவார்கள். எல்லோரும் திருவிருந்து எடுத்து முடித்த பிறகு, வெள்ளிப் பாத்திரத்தில் மிஞ்சியதைத் தகரக் கோப்பையில் ஊற்றி அவர்களுக்குக் கொடுப்பார்கள். போதகர் அங்கி மாற்றும் அறையில் அந்தத் தகரக் கோப்பைக்கென்று ஓர் ஆணி அடித்திருந்தது.

எனக்கு மட்டும் வெள்ளிப் பாத்திரம் கிடைத்தது. ஒன்பது வயதில் அப்பா என்னைக் கண்டியில் மிஷன் பெண்பாடசாலை விடுதியில் கொண்டுவந்து விட்டார். அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியையானேன். பாடசாலைக்காரி என்பதால் பீடத்துக்கு முன்னிருந்த மரக் கிராதியில் மற்றவர்களோடு முழங்காலிட விட்டார்கள். என் வாயிலிருந்து தோட்டத்து "வாங்க" போய் யாழ்ப்பாணத்து "வாங்கோ" வந்தது. "ஆமா" போய் "ஓம்" வந்தது. அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன்.

கிராதியில் என் பக்கத்தில் எப்போதும் எங்கள் தலைமை ஆசிரியை. யாழ்ப்பாணத்து அம்மாள். எனக்குப் படிப்பிலோ சாப்பாட்டிலோ ஒரு குறையும் வைக்காதவர். போதகர் எனக்குப் பாத்திரத்தைக் கொடுத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, அவரிடம் நீட்டுவார். அம்மாள் அதைச் சாய்ப்பார். உதடு படாது. முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். பிறகு நாலு வருஷம், செபிக்க வேண்டிய நேரத்தில் ஓரக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் படவில்லை.

இப்படி இருக்கும்போது புதுப் போதகர் வந்தார். சிங்களவர், இளம் வயது. தோட்டங்களில் ஊழியம் செய்து தமிழ் பழகியவர். நாட்டில் வாக்குரிமைப் பேச்சு சூடுபிடித்திருந்த காலம். தோட்டத்துத் தமிழருக்கு இங்கே என்ன உரிமை என்று சிங்களவர் கேட்டார்கள். அவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று யாழ்ப்பாணத்தார் சொன்னார்கள். மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொண்டவர்கள் எங்களைத் தள்ளிவைப்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் போதகர், ஒரு ஞாயிறு மூன்று ஆராதனையையும் ஒன்றாக நடத்துவோம், எல்லோருக்கும் ஒரே பாத்திரம் என்று அறிவித்தார். மூப்பர்மார் இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். மனிதர் அசையவில்லை.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தகரக் கோப்பைய நான் வெளியே போட்டாச்சு," என்றார். "உங்க அப்பாவும் தோட்டத்து ஆளுகளும் வரணும். அவர்தான் முதல்ல முழங்கால் போடணும். நீங்க எழுதுங்க. ஒரே பாத்திரம்னு தெளிவா எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். விடுதிக்குப் போய்க் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி, நேரம், எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்பதெல்லாம் எழுதினேன். ஒரே பாத்திரம் என்ற இடம் வந்ததும் கை ஓடவில்லை. அப்பா குடிக்கிறார், அடுத்த ஆள் உதடு படாமல் சாய்க்கிறார், அதற்கடுத்தவர் எழுந்தே போகிறார், அப்பா முழங்காலில் இருந்தபடி அதைப் பார்க்கிறார். இது என் கண் முன்னால் நடந்தது போலவே இருந்தது. எனக்கு நடந்ததை நான் பொறுத்துக்கொண்டேன். அவருக்கு நடந்தால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கும்? தகரக் கோப்பையும் இப்போது இல்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "வரும்போது உங்கள் கோப்பையை எடுத்துவாருங்கள். கூட வருபவர்களும் ஆளுக்கொன்று எடுத்துவரட்டும்."

அவரைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. அவர் அவமானப்படும்போது பக்கத்தில் மகளாக இருக்க எனக்குப் பயம். அது மறு பாதி.

அந்த ஞாயிறு ஆலயத்தில் இடமில்லை. மூன்று மொழியிலும் ஒரே பாட்டு. யாருக்கும் யாருடைய ராகமும் பிடிபடவில்லை. அப்பா ஆறு பேரோடு வந்திருந்தார், சலவை வேட்டியும் கோட்டுமாக. போதகர் சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். பிறகு கிராதியில் தோட்டத்தார் ஒருவர், ஊரார் ஒருவர் என்று மாறி மாறி முழங்காலிடச் சொன்னார். முதலில் அப்பா. நான் எழுந்து போவதற்குள் தலைமை ஆசிரியை எனக்கு முந்திப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டார். எனக்கு அடுத்த இடம்தான் கிடைத்தது. அப்பாவின் பக்கம் போகாமல் தப்பினேன் என்று உள்ளுக்குள் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்பம் கொடுத்து முடிந்தது. போதகர் வெள்ளிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். அப்பா கோட்டுக்குள் கைவிட்டு, துண்டில் சுற்றியிருந்த எனாமல் கோப்பையை எடுத்தார். நீல விளிம்பு. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

"இதுல ஊத்துங்கய்யா," என்றார், பக்கத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. "எல்லாரும் குடிக்கணும்ல."

போதகர் அப்படியே நின்றார். கிராதி நெடுக மற்ற ஆறு பேரும் மடியிலிருந்தும் பையிலிருந்தும் தங்கள் தங்கள் கோப்பையை எடுத்தார்கள். ஒருவரிடம் சிரட்டை. வெள்ளைக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். போதகர் என்னைப் பார்த்தார், நான் கிராதி மரத்தைப் பார்த்தேன். அவர் ஊற்றினார். பாத்திரத்தின் விளிம்பு எனாமலில் பட்ட சத்தம் பின்வாங்குவரை கேட்டிருக்கும். அப்பா குடித்து, கோப்பையைத் துண்டால் துடைத்துக் கோட்டுக்குள் வைத்தார். அடுத்து தலைமை ஆசிரியை. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார், உதடு பட. பிறகு நான் குடித்தேன்.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை அங்கி அறைக்கு அழைத்தார்.

"ஒரே பாத்திரம்னு நீங்க எழுதலையா?"

"எழுதினன் ஐயா."

"அப்புறம் ஏன்?"

"பழக்கம், ஐயா," என்றேன். அப்பாவின் தலையில் கட்டிவிட்டேன். நாக்கு கூசவில்லை.

அடுத்த சபைக்கூட்டத்தில் மூப்பர்மார் அதைத்தான் எடுத்து வைத்தார்கள். தோட்டத்தாருக்கே இதில் விருப்பமில்லை, அவர்களாகவே கோப்பை கொண்டு வருகிறார்கள், பிறகு நாம் ஏன் வலுக்கட்டாயம் செய்ய வேண்டும் என்றார்கள். அப்படி ஓர் ஆராதனை அதன்பின் நான் அங்கிருந்தவரை நடக்கவில்லை; போதகரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆணி இருந்த இடத்தில்தான் இருந்தது, புதிதாக ஒரு தகரக் கோப்பை வாங்கி மாட்டினார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று அங்கி அறையிலிருந்து நான் வெளியே வந்தபோது தலைமை ஆசிரியை எனக்காகக் காத்து நின்றார். அவர் அழுதிருந்தார்.

"உம்மட அப்பாவுக்குப் பக்கத்தில நான் ஏன் போய் இருந்தனான் எண்டு தெரியுமே, பிள்ளை?" என்றார். "அவர் குடிச்ச பாத்திரத்தில வாய் வைக்கோணும் எண்டு. மூண்டு நாள் உபவாசம் இருந்து செபிச்சனான். எனக்கு அது லேசான காரியமில்லை. இவ்வளவு காலமா உமக்குப் பக்கத்தில இருந்து நான் செய்தது உமக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் எங்களை நம்பேல்லை," என்றார். "நம்பச் சொல்லிக் கேக்க எனக்கு என்ன முகம் இருக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நம்பாதது அவர் இல்லை, நான்தான் என்று ஒரு வரி போதும். "ஓம் ரீச்சர்" என்றேன். குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தேன்.

அப்பா அங்கே நின்றிருந்தார். கூட வந்தவர்கள் கடைக்குப் போயிருந்தார்கள். வாவிப் பக்கமிருந்து தூறல் வந்துகொண்டிருந்தது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"போதகரய்யா பாத்திரத்த என் வாய்க்கிட்ட கொண்டாந்தாரே தாயி. நெசமாவே குடுக்கத்தான் வந்தாரா?"

"தெரியலப்பா," என்றேன். எத்தனையோ வருஷம் கழித்துத் தோட்டத்துப் பேச்சு எனக்குத் தானாக வந்தது.

"அவரு குடுத்திருந்தாலும்," என்று நிறுத்தினார். கோட்டுக்கு மேலாகக் கோப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நா குடிச்சிருந்தா, பக்கத்துல இருந்த அந்தம்மா அதுல குடிச்சிருக்குமா?"

அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "குடிச்சிருக்க மாட்டாங்கப்பா."

அப்பா மெல்லத் தலையாட்டினார்.

"அப்ப நீ எழுதுனது நல்லதாப் போச்சு தாயி," என்றார். பஸ் வந்தது. என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு ஏறிப்போனார்.