குளியலறைச் சுவரும் ஒரு பொட்டும்

ஒரே டப்பா நீலம் மூன்று சுவரில் மூன்று நீலமாக ஏன் காய்கிறது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லலாம்.

எங்கள் குளியலறையில் ஒரு பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர், ஒரு பக்கம் சிமெண்ட், கதவை ஒட்டிய பக்கம் தகரம். போன வருடம் பெயிண்டர் மூன்றின் மேலும் ஒரே டிஸ்டம்பரைப் பூசிவிட்டுப் போனார். குளிக்கும்போது சுவரில் ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தால், சுவரும் கூடவே வந்தது.

இந்த முறை நானே இறங்கினேன். சுண்ணாம்பில் உதிர்வதையெல்லாம் சுரண்டினேன். சிமெண்டில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச் சோடா போட்டுக் கழுவினேன். தகரத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்தேன். மற்ற இரண்டுக்கும் பிரைமர். எல்லாம் காய்ந்த பிறகுதான் நீலம்.

இன்று புள்ளலூரிலிருந்து வந்த நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எம்.ஏ. படிச்சிட்டு பெயிண்டு அடிச்சிக்கினு கீறே? ரெண்டு சொம்பு தண்ணி பட்டா உரிஞ்சிக்கினு வரப் போவுது."

"நாளைக்கு நீங்களே மொதல்ல குளிங்க அண்ணி. உரிஞ்சா, இனிமே பிரஷ்ஷைத் தொடமாட்டேன்."

"அப்போ இன்னிக்கே கழுவி எடுத்து வெச்சுடு."

மறுநாள் எழுதிச் சேர்த்தது: அண்ணி தலைக்குக் குளித்தார். சுவரில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நீலம் துளியும் இல்லை. அதையே நெற்றியில் வைத்துக்கொண்டார்.

காப்பி குடிக்கும்போது சொன்னார்: "எங்க வூட்டு பாத்ரூமும் பாதி தகரந்தான் கீது."