பிரிண்ட் எடுக்கக் கூடாத மேனுவல்

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் ஒரு மருந்துக் கடையை ஒட்டினாற்போல் டெல்பினின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன் பதினோரு வருடம், நந்தனத்தில் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் போன் எடுத்துப் பேசும் வேலை பார்த்தாள். யார் என்ன கேட்டாலும் டெக்னீஷியன் வருவார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் வாஷிங் மெஷின் கதவு திறக்காமல் தவித்த பெண்ணுக்கு மேனுவலில் இருந்ததை அப்படியே வாசித்துக் காட்டினாள். கதவு திறந்துகொண்டது, டெல்பினுக்கு வேலை போயிற்று. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் மேலாளர். செய்யாத தப்புக்கு எழுத வராது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

போன ஜூன் மாதம் ராயப்பேட்டையிலிருந்து அஃப்சருன்னிசா என்ற பெண் டெல்பினின் கடைக்கு ஓடிவந்தாள். அவள் கணவருக்கு வீட்டில் ஆக்சிஜன் மிஷின். காலையிலிருந்து சிவப்பு விளக்கு எரிய, மிஷின் கத்திக்கொண்டிருந்தது. சின்ன சிலிண்டர் ஒன்று அப்போதைக்குத் தாங்கிக்கொண்டிருந்தது. மிஷின் பெட்டியில் புத்தகம் இல்லை, ஒரு கியூஆர் சீட்டுதான். அதை ஸ்கேன் செய்தால் ஆப் இறக்கச் சொன்னது. அவளுடைய பழைய போனில் ஆப் ஏறவில்லை. சர்வீஸுக்கு ஆள் வர இரண்டு நாள் ஆகுமாம்.

டெல்பின் தன் போனில் ஆப்பை இறக்கி, மிஷின் நம்பரைப் போட்டாள். மேனுவல் திறந்தது, ஆனால் ஆப் பிரிண்ட் எடுக்க விடவில்லை. வேண்டிய பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி பிரிண்ட் போட்டாள். பின்பக்க ஃபில்டர் தூசியில் அடைத்தால் அந்த விளக்கு எரியும், மாற்று ஃபில்டர் பெட்டியிலேயே இருக்கும் என்று அதில் இருந்தது. ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. ஃபில்டரை மாற்றியதும் விளக்கு அணைந்துவிட்டதாம், அவர் மூச்சு சீராக இருக்கிறதாம். அன்று மாலையே முழு மேனுவலையும் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து கொடுத்தாள்.

விஷயம் பரவியது. அடையாறு, அசோக் நகர் என்று எங்கிருந்தெல்லாமோ கியூஆர் சீட்டுகளோடு வந்தார்கள். ஆகஸ்டில் மிஷின் கம்பெனியின் ஏரியா பிரதிநிதி சுரேஷ்குமார் வந்தான். மேனுவல் கம்பெனியின் சொத்து, இனிமேல் பிரிண்ட் போட்டால் கேஸ் வரும் என்றான். டெல்பின் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மிஷினை நிறுத்தவில்லை.

"மூச்சுத் திணறுறவங்க வீட்டுக்கு மிஷினை வித்துட்டு, அது கத்தினா இன்னா பண்ணணும்னு சொல்ற பேப்பரைப் பூட்டி வெச்சுக்கினீங்க," என்றாள். "சரி. காசு குடுத்து வாங்கினவங்க மேனுவலைப் பிரிண்ட் எடுக்கக் கூடாதுன்னு எழுதி, கம்பெனி சீல் போட்டுக் குடுங்க. இந்தக் கண்ணாடியிலயே ஒட்றேன். வர்றவங்க படிக்கட்டும்."

அவன் வெளியே போய் யாரிடமோ வெகுநேரம் போனில் பேசினான். பிறகு அப்படியே பைக்கில் ஏறிப் போய்விட்டான்.

பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. டெல்பின் அதைப் பிரித்து இரண்டு முறை படித்தாள். கணவன் ஆம்ப்ரோஸ், எதுக்கு வம்பு, விட்டுடு என்றான். அவள் அன்றே பதில் டைப் செய்தாள். மிஷினை வாங்கியவர்கள் கேட்டுத்தான் பிரிண்ட் கொடுக்கிறேன், நிறுத்தப் போவதில்லை, பெட்டிக்குள் ஒரு புத்தகம் வைத்துவிட்டால் என்னிடம் யாரும் வரமாட்டார்கள். அவ்வளவுதான் கடிதம். பதிவுத் தபாலில் அனுப்பினாள். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

போன வாரம், தி. நகரில் அந்த மிஷினை விற்கும் கடைக்காரரே ஒருவரை இவளிடம் அனுப்பிவைத்தார். டெல்பின் சீட்டை வாங்கிக்கொண்டு, எழுத்து எவ்வளவு பெரிசா வேணும் என்று கேட்டாள்.